மூன்று முறை கொடுத்தேன்

முதலமைச்சர் ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால் முதலில் வாங்க வேண்டியது துண்டு. வெள்ளைப் பூத்துண்டு, ஒரு டஜன், ஒருமுறை அலசிக் காயவைத்தது. புதுத் துண்டு ஈரத்தை இழுக்காது, முகம் துடைத்தால் கஞ்சி மூக்கில் ஒட்டும். இது கலெக்டருக்குத் தெரியாது. போலீஸுக்குத் தெரியாது. மூன்று நாள் முன்பே சென்னையிலிருந்து வந்து குற்றாலத்து விடுதியில் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துக்கிடக்கும் அதிகாரிகளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் பெயர் பால்வண்ணநாதன். வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தோரு வருஷமாகக் கலெக்டர் அலுவலகத்து விழாப் பிரிவில் இருக்கிறேன். தென்காசி தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு திருநெல்வேலியில், பிறகு இங்கே. யார் எங்கே நிற்பது, யார் மாலை போடுவது, எந்தத் திருப்பத்தில் கார் மெதுவாகப் போவது, எல்லாம் என் பொறுப்பு. அகிலாண்டேஸ்வரி அம்மா, நீங்கள் விசாரணை அதிகாரி. மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று நேற்றுக் கேட்டுக்கொண்டீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? வக்கீல் வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். குருவம்மாள் எப்படிச் செத்தாள் என்பது உங்கள் கேள்வி. முதலமைச்சர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று தெரிந்தால்தான் அது உங்களுக்கு விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் ஒருவருக்குக் குரங்கு என்றால் குலைநடுக்கம். மெயின் அருவிக்குப் போகும் வழியில் ஒரு குரங்கும் கண்ணில் படக் கூடாது என்று உத்தரவு. ஆறு பேரை வாழைத்தாருடன் ஐந்தருவிப் பக்கம் அனுப்பி, அத்தனை குரங்கையும் அங்கே இழுத்து வைத்தேன். "பரவாயில்லையே, இங்க குரங்கே இல்ல" என்று அவர் சந்தோஷப்பட்டார். இன்னொருவர் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தித் தோட்டத்தில் நின்றுகொண்டு, "இதுல எண்ணெய் எடுப்பாங்களா" என்று தோட்டக்காரரிடமே கேட்டார். அந்த ஆள் திருதிருவென்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிய பிறகுதான் "ஆமாங்கய்யா" என்றார். மற்றொருவர் ஆய்க்குடியில் மேடையேறி "செங்கோட்டை வாழ் பெருமக்களே" என்று ஆரம்பித்தார். கூட்டம் விழித்தது. கைதட்டலை நான்தான் ஆரம்பித்து வைத்தேன்.

திட்டுவதற்காகச் சொல்லவில்லை அம்மா. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் கிடையாது. கொண்டுபோய் நிறுத்தினால் நிற்பார்கள். கையில் கொடுத்தால் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார்கள். சிரிக்கச் சொன்னால் சிரிப்பார்கள். ஐந்து வருஷம் இருப்பார்கள், சிலர் அதுவும் இல்லை. சுவரில் போட்டோவை மாற்றுவோம், அதே ஆணியில்தான் அடுத்தவரும் தொங்குவார். ஆனால் அந்தப் பதவி இருக்கிறதே, அது பெரியது. முதலமைச்சர் கையால் ஒரு பொருளை வாங்கியவள் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த மரியாதையைக் காப்பாற்றுவது அந்த மனிதர்கள் இல்லை. எங்களைப் போல் பின்னால் நிற்பவர்கள்தான்.

எப்படிக் காப்பாற்றுகிறோம் என்றால், ஒத்திகை பார்த்து. விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு பயனாளிகள் எல்லோரையும் மண்டபத்துக்கு வரவழைப்போம். தையல் மெஷின் வாங்குபவர், மூன்று சக்கர வண்டி வாங்குபவர், பட்டா வாங்குபவர், எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கூப்பிட்டதும் ஏறி வர வேண்டும். எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே நின்று கும்பிடுவது, போட்டோக்காரர் எடுக்கும்வரை முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, எல்லாம் சொல்லிக்கொடுப்போம். காலில் விழுபவர்கள் எவ்வளவு நேரம் விழுந்துகிடக்கலாம் என்பதுகூட உண்டு. ஒத்திகையில் முதலமைச்சர் இடத்தில் யாராவது நிற்க வேண்டும் அல்லவா? முப்பத்தோரு வருஷமாக நான்தான் நிற்கிறேன். பொருளை என் கையால் கொடுப்பேன், கும்பிடுவார்கள், அந்தப் பக்கம் இறங்கியதும் நாகராஜன் அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வான். நாகராஜன் என் பிரிவில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவன். நல்லவன், மூளை கொஞ்சம் மட்டு.

மேடைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதும் சும்மா இல்லை. கோரமாக இருந்தால் டிவியில் பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திடமாக இருந்தால் இவளுக்கு எதற்கு உதவி என்பார்கள். கண்ணீர் வர வேண்டும், ஆனால் ஒப்பாரி வைக்கக் கூடாது. இருநூறு பேரைப் பார்த்தால் அப்படி ஒருவர்தான் தேறுவார். இந்த வருஷம் தேறியவள் குருவம்மாள்.

இலத்தூர்க்காரி, நாற்பத்தொரு வயது. பன்னிரண்டு வருஷம் கல் உடைக்கும் கிரஷரில் சல்லி அள்ளியவள். தூசி நெஞ்சில் போய்க் கல்லாகிவிட்டது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துத் தினம் பதினைந்து மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின், அடியில் சக்கரம், மேலே கைப்பிடி, இடுப்பளவு உயரம். முதலமைச்சர் பெயரில் இருக்கும் உதவித் திட்டத்தில் அவளுக்கு அது ஒதுக்கப்பட்டு, ஜூன் நான்காம் தேதி எங்கள் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. முகப்பில் முதலமைச்சர் படம் ஒட்டியிருந்தது. என் மேசையிலிருந்து ஸ்டோர் கதவு பத்தடி. சாவி என்னிடம்.

பதினான்காம் தேதி விழா என்று ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். பத்து நாள்தானே என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இதில் தப்பு என்று நீங்கள் சொல்ல முடியாது, இந்த மாநிலத்தில் எல்லா ஸ்டோரிலும் ஏதாவது ஒரு பொருள் யாராவது ஒருவர் வந்து கொடுப்பதற்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் ஒத்திகை ஜூன் பன்னிரண்டு, குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு குருவம்மாள் வந்தாள். மகள் பெயர் நிவேதா, தென்காசியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், பத்தொன்பது வயது. மேடைக்கு நான்கு படி. குருவம்மாள் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள். அது நன்றாக இருந்தது. அதை அப்படியே செய்யச் சொன்னேன். கைப்பிடியை அவள் கையில் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கோடிப் புண்ணியம் அண்ணாச்சி" என்றாள். அன்றைக்கு அய்யா என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினேன். இறங்கும் பக்கம் நாகராஜன் மெஷினை வாங்கிக்கொண்டபோது அவளுக்கு விளங்கவில்லை.

"இது எனக்கில்லையா?"

"ஒனக்குத்தாம்மா. அன்னைக்கு மொதலமைச்சர் கையால வாங்கணும்லா, அதுக்காக" என்றேன்.

சரி என்று போய்விட்டாள்.

மறுநாளே விழா ரத்து. கட்சிக்குள் அடிபிடி. மேடை போட்டாயிற்று, வாழைமரம் கட்டியாயிற்று, துண்டு அலசியாயிற்று. எல்லாம் பாழ். ஒரு வாரத்தில் முதலமைச்சர் ராஜினாமா செய்தார், இருபதாம் தேதி புதியவர் பதவியேற்றார். இவர்கள் யாரை நம்பி ஒரு காரியத்தைச் செய்வது என்று எனக்கு வயிறு எரிந்தது. மெஷினில் ஒட்டியிருந்த பழைய படத்தை நானே உட்கார்ந்து மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினேன். முகம் போய்விட்டது, ஒரு காது மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதன் மேலேயே புதியவரை ஒட்டினேன்.

புதியவர் ஜூலை நான்கு வருவதாகத் தேதி கொடுத்தார். இந்த இடைவெளியில்தான் நாகராஜன் என் மேசைக்கு வந்தான்.

"சார், அந்தப் பொம்பள ரெண்டு நாளைக்கு ஒருக்க ஆஸ்பத்திரியில வந்து ஆக்சிஜன் வச்சிட்டுப் போகுதாம். மெஷினக் குடுத்துருவமே. அன்னைக்கு மேடைக்கு மட்டும் கொண்டாரச் சொல்லுவோம். இல்லன்னா காலி டப்பாவ வச்சி போட்டோ எடுத்துக்கிடலாம், யாருக்குத் தெரியப் போவுது?"

காலி டப்பாவை முதலமைச்சர் கையில் கொடுக்கச் சொல்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மேடையிலும் பொய்ப் பொருள் வைத்தவன் இல்லை நான். "ஒன் வேலையப் பாருலே" என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் ஒத்திகை ஜூலை இரண்டாம் தேதி, அதே மண்டபம். இந்த முறை அவளுக்கு உதடு கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது. உதட்டுக்குச் சாயம் பூசலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். மேடையில் மெஷினை ஓடவிட்டு, முதலமைச்சரே குழாயை அவள் மூக்கில் மாட்டிவிட்டால் போட்டோ பிரமாதமாக இருக்கும் என்று தோன்றியது. பிளக்கை மாட்டச் சொன்னேன். மெஷின் உறுமத் தொடங்கியது. குழாயை நானே அவள் மூக்கில் வைத்தேன். போட்டோக்காரர் வெளிச்சம் சரியில்லை, இன்னும் ஒருமுறை என்று நான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டார். அந்த நான்கு நிமிஷத்தில் அவள் உதட்டில் நிறம் திரும்பியது. தோள் இறங்கியது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். மேடையில் நான் பார்த்த முகங்களில் அதைவிட நல்ல முகம் இல்லை அம்மா, அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னதும் கண்ணைத் திறந்தாள்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே அண்ணாச்சி."

அடுத்தவர் வரிசையில் நிற்கிறார் என்றேன். குழாயைத் தானே எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்து என்னிடம் கொடுத்தாள். ஒழுக்கமான பெண்பிள்ளை. வேறு யாராவது என்றால் ரகளை பண்ணியிருப்பார்கள்.

அந்த விழாவும் நடக்கவில்லை. புதியவருக்கு டெல்லியில் ஏதோ கூட்டம். பிறகு தேதி சொல்கிறோம் என்றார்கள். தேதியைத் தள்ளிப்போட்டது நான் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜூலை பத்தாம் தேதி நிவேதா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கடையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள், கழுத்தில் கடை அட்டை தொங்கியது.

"சார், அம்மைக்குப் படுக்கவே முடியல. உக்காந்துக்கிட்டேதான் தூங்குதா. மெஷினத் தந்திருங்க சார். விழா அன்னைக்கு நானே ஆட்டோவுல வச்சுக் கொண்டாந்துருதேன்."

உட்கார வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். நான் யாரையும் விரட்டுபவன் இல்லை. "இப்பம் வாங்கிட்டுப் போனா ஒரு மெஷினோட போச்சு. மொதலமைச்சர் கையால வாங்கும்போது, எம் மவளுக்கு ஒரு வேலை குடுங்கய்யான்னு ஒங்கம்மா ஒரு வார்த்தை கேட்டான்னு வையி, ஒன் வாழ்க்கையே மாறிரும். பதினெட்டாந் தேதி வாராரு. எட்டு நாளு. பொறுக்க முடியாதா?" என்று கேட்டேன். அவள் ஸ்டோர் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நெசமாவே வேல குடுப்பாங்களா சார்?" என்றாள். கேட்டால் கொடுப்பார்கள் என்றேன். எழுந்து போனாள். அவளும் ஆசைப்பட்டாள் அல்லவா, அதை யாரும் பேசுவதில்லை.

பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை மூன்றாம் ஒத்திகை. பஸ்ஸில் வந்திருந்தார்கள். மண்டப வாசலில் இறங்கி மேடைக்கு வந்து சேர குருவம்மாளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நான்கு படியில் இரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மேலே நின்று காத்திருந்தேன். முதலமைச்சர் படியிறங்கி வரக் கூடாது. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். கைப்பிடியை அவள் கையில் வைத்தேன். இந்த முறை கும்பிடவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை. நாகராஜன் வந்து நின்றான், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், வாங்கவில்லை. "வாங்குலே" என்றேன். கேளாதவன் மாதிரி நின்றான்.

"அண்ணாச்சி, ரெண்டு நாளைக்கு மட்டும் தாங்க" என்றாள் குருவம்மாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. "வெள்ளிக்கெழம காலையில கொண்டாந்து இங்கன வச்சிருதேன். சத்தியமா."

அவள் விரலை ஒவ்வொன்றாக நான்தான் விலக்கினேன். வலிக்காமல்தான் விலக்கினேன். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வீட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

செய்தி கேட்டு மாலையோடு இலத்தூருக்குப் போனேன். அப்படிப் போகாத அதிகாரிகள்தான் அதிகம், நான் போனேன். ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது. ஐந்தாவது பயனாளி, ஆக்சிஜன் மெஷின். அதை எடுத்துவிட்டுப் பின்னால் வருபவர்களை முன்னால் நகர்த்தினால் வரிசை மொத்தமும் குழம்பும். உடலை எடுத்து எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு நிவேதாவைத் தனியே கூப்பிட்டு, அம்மாவுக்குப் பதில் நாளைக்கு நீ வந்து வாங்கிக்கொள், வேலையும் கேட்டுவிடலாம் என்றேன்.

அவள் அழவில்லை. "அந்த மெஷின் எத்தன நாளா ஒங்ககிட்ட இருக்கு சார்?" என்று மட்டும் கேட்டாள்.

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. நாற்பத்து மூன்று நாள் என்றேன்.

"வாரேன்" என்றாள்.

ஒத்திகை பார்க்காத யாரையும் மேடையேற்றக் கூடாது என்பது நானே வைத்திருக்கும் விதி. அதை மீறினேன். என் வேலையில் நான் செய்த தவறு என்றால் அது ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. புதியவர் குள்ளம், மேடையில் நாற்காலிக்கு அடியில் பலகை வைக்க வேண்டியிருந்தது. வரிசையில் நிற்பவர்களைப் பார்த்ததும் ஏதோ யோசிப்பவர் மாதிரி முகத்தைச் சுருக்கினார். இருந்தாலும் நீட்டியதை வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஐந்தாவதாக நிவேதா ஏறினாள். கைப்பிடியை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா நேத்து செத்துட்டா. இத அவ கையில மூணு தடவ குடுத்து மூணு தடவையும் புடுங்கிட்டாரு, அந்தா நிக்காரு பாருங்க, அவருதான்."

மைக் தள்ளி இருந்தது. முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். புதியவர் கலெக்டர் பக்கம் திரும்பி, "இதெல்லாம் உடனே கொடுத்துடுங்கன்னு அன்னைக்கே எழுதியிருந்தேனே" என்றார். கலெக்டருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அவரைக் குற்றம் சொல்லாதீர்கள் அம்மா, அவர் அந்தக் கடிதத்தைப் பார்க்கவே இல்லை.

என் மேசை இழுப்பறையில் நீங்கள் எடுத்தது அதுதான். ஜூலை ஏழாம் தேதி வந்தது. விழாக் கடிதங்கள் எல்லாம் முதலில் என்னிடம் வரும், மின்னஞ்சல் பெட்டியும் நான்தான் திறப்பேன். நான்கே வரி. என் வருகை தள்ளிப்போவதால் யாருக்கும் உதவி நிற்கக் கூடாது, எனக்காக எதையும் எடுத்து வைக்க வேண்டாம், உரியவர்களுக்கு இன்றே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். கீழே அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம், நாகராஜனும் அப்படியே சொல்லச் சொல்லி அழுதான். இல்லை. இரண்டு முறை படித்தேன். மடித்து உள்ளே வைத்தேன். மூன்றாம் நாள் நிவேதா வந்து கேட்டபோதும் அது என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. எட்டாம் நாள் குருவம்மாளை மூன்றாம் ஒத்திகைக்கு வரச் சொன்னேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். தபால்காரர் மாதிரி. அப்படிக் கொடுத்தால் மேடை எதற்கு, ஒத்திகை எதற்கு, கும்பிடுவது யாரை? வந்து பதினேழு நாள் ஆன ஒருவர் இப்படி ஒரு உத்தரவு போடுகிறார் என்றால், முப்பத்தோரு வருஷமாக முதலமைச்சராக இருக்கிற நான் அதற்குக் கட்டுப்பட வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள் அம்மா.